இனங்களை எண்ணி நிலங்களுக்கு விலை வைப்போருக்கு

நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம். ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பில் இருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

உலகில் ஏறத்தாழ 18,000 வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன. எந்த நிலப்பகுதியில் எத்தனை இனங்கள் என்று நிறம் பூசிக் காட்டும் வரைபடத்தை இத்துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் பார்த்திருப்போம். ஆண்டிஸ் மலைச்சரிவும் அமேசானின் மேற்கு விளிம்பும் அடர்சிவப்பாக இருக்கும். கிழக்கு இமயமும் தென்கிழக்கு ஆசியாவும் சிவப்பு. ஐரோப்பா வெளிறிய மஞ்சள். சகாரா ஏறத்தாழ வெள்ளை. இந்த வரைபடம் பொய் சொல்லவில்லை. கொலம்பியாவில் மட்டும் 3,600க்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. உலக மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாட்டில்! இந்தியாவில் 1,300க்கு மேல். அவற்றுள் மேற்குத் தொடர்ச்சி மலையில் 330க்கு மேல். பிரிட்டனில் வெறும் 59.

வரைபடத்தோடு எனக்கு வழக்கில்லை. அதைப் பார்த்தபின் நாம் செய்யும் செயலோடுதான் வழக்கு. ஓர் இடத்தின் இன எண்ணிக்கையைக் கொண்டு அந்நிலத்தின் மதிப்பையும், அங்கே நடக்கும் ஆய்வின் தகுதியையும் ஒருசேரத் தீர்மானிக்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் குழுக்களில் அது எழுதப்படாத விதியாக இயங்குகிறது. அந்த விதிக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதும், அதன் விலையை இந்தியாவின் வறள்புல்வெளிகளும் புதர்க்காடுகளும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதுமே இப்பதிவின் வாதம்.

தக்காணப் புல்வெளியின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய திட்டம் ஒன்றை ஒரு குழுவின் முன் வைத்தபோது எனக்குக் கிடைத்த முதற்கேள்வி, "அங்கே அப்படி என்ன இருக்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகலாமே?" என்பது. எந்த ஊர், எந்தக் குழு என்பது இங்கே முக்கியமில்லை. ராஜஸ்தானிலும் தெலங்கானாவிலும் விதர்பாவிலும் வேலை செய்யும் நண்பர்கள் இதே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். ஆகவே கேட்டவர்களை விட்டுவிட்டுக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த அளவுகோலை முதலில் பிரிட்டன்மீது வைத்துப் பார்ப்போம்.

59 இனங்கள் மட்டுமே உள்ள நாடு அது. நம் குழுக்களின் கணக்குப்படி, அங்கே வண்ணத்துப்பூச்சி ஆராய விரும்பிய மாணவரை நேரே பிரேசிலுக்குக் கப்பலேற்றி அனுப்பியிருக்க வேண்டும். அங்கோ 1970களில் எர்னி போலார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் எளிய முறை ஒன்றை வகுத்தார்கள். ஒரே பாதையில், ஒரே வேகத்தில், வாரம் ஒருமுறை நடக்க வேண்டும். இருபக்கமும் குறித்த அகலத்துக்குள் தென்படும் பூச்சிகளை எண்ண வேண்டும். 1976 முதல் அந்நாட்டுக் கண்காணிப்புத் திட்டம் இம்முறையில் இடையறாது நடந்துவருகிறது. இன்று உலகெங்கும் வண்ணத்துப்பூச்சி கணக்கெடுப்பவர்கள் 'போலார்ட் நடை' என்று சொல்வது இதைத்தான். பூச்சிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது, வெப்பம் கூடும்போது அவற்றின் பரவல் எப்படி நகர்கிறது என்பவை பற்றி நாம் வகுப்பில் கற்பிப்பதில் பெரும்பகுதி, இனவளம் குறைந்த இந்தச் சிறு தீவிலிருந்தும் அதன் அண்டை நாடுகளிலிருந்தும் வந்தது.

அதே நாட்டின் 'லார்ஜ் புளூ' என்ற நீலச்சிறகியின் கதையையும் சொல்ல வேண்டும். அது அருகிவந்தபோது, வலையோடு வரும் சேகரிப்பாளர்கள்தாம் காரணம் என்று கருதி வாழிடங்களுக்கு வேலியிட்டார்கள். வேலி ஆடுமாடுகளையும் வெளியே நிறுத்தியது. பூச்சி மேலும் அருகியது. ஜெரமி தாமஸ் அதன் வாழ்க்கையைப் பல பருவங்கள் கூடவே இருந்து கவனித்தபின்தான் உண்மை விளங்கியது. அதன் புழு முதலில் தைம் செடியின் பூவைத் தின்னும். பிறகு எறும்புகள் அதைத் தம் குஞ்சென எண்ணிப் புற்றுக்குத் தூக்கிச் செல்லும். அங்கே அது எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளரும். எல்லா எறும்பும் இதற்கு உதவாது. ஒரு குறிப்பிட்ட எறும்பினத்தின் புற்றில்தான் புழு நன்கு தேறும். அந்த எறும்புக்கு வெயிலேறிய மண் வேண்டும். மண்ணில் வெயிலேற வேண்டுமானால் புல் குட்டையாக இருக்க வேண்டும். அதற்கு மேய்ச்சல் வேண்டும். மேய்ச்சல் குறைந்தது, 1950களில் பரவிய நோயில் முயல்களும் மடிந்தன, புல் சில அங்குலம் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போயிற்று, எறும்போடு பூச்சியும் போயிற்று. 1979இல் அது பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. இந்தச் சங்கிலி விளங்கியிருந்ததால்தான் 1983 முதல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து மீண்டும் குடியேற்ற முடிந்தது. இன்று தென்மேற்கு இங்கிலாந்தின் பல இடங்களில் அது பறக்கிறது.

59 இனங்கள் கொண்ட நாட்டில், ஓர் இனத்தைப் பற்றி, ஒருவர் செய்த பணி இது. நம் குழுவிடம் இத்திட்டம் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதை வாசிப்பவர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்து, அந்த எண்ணிக்கை எப்படிப் பிறக்கிறது என்று கேட்போம். ஓர் இடத்தின் இன எண்ணிக்கையில் இரண்டு செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, அங்கே எத்தனை இனங்கள் வாழ்கின்றன என்பது. மற்றது, அங்கே எத்தனை பேர், எவ்வளவு காலம் தேடினார்கள் என்பது. இரண்டையும் பிரிக்காமல் வரும் எண் அரைகுறைச் செய்தியே.

ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் 1848இல் வாலஸுடன் அமேசான் முகத்துவாரத்தில் இறங்கினார். அப்படுகையில் பதினொரு ஆண்டுகள் தங்கினார். பாரா நகரிலிருந்து ஒரு மணி நேர நடைத் தொலைவுக்குள் சுமார் 700 இனங்கள் இருப்பதாகவும், பிரிட்டனில் 66, ஐரோப்பா முழுவதிலும் 321 மட்டுமே என்றும் அவர் எழுதினார். அந்த 700 அமேசானின் வளத்துக்குச் சான்று. பேட்ஸின் பொறுமைக்கும் சான்று. பாராவில் பத்து நாள் தங்கியவருக்கு அந்த எண் கிடைத்திராது.

இந்தியாவின் பழைய தரவை இந்த நோக்கில் பாருங்கள். நம் வண்ணத்துப்பூச்சி அறிவின் அடித்தளத்தைப் பெரும்பாலும் ஆங்கில ஆட்சிக்கால அதிகாரிகளும் படைவீரர்களும் ஆசிரியர்களும் இட்டார்கள். கோடையில் அவர்கள் போய்த் தங்கிய இடங்கள் டார்ஜிலிங், முசூரி, ஷில்லாங், நீலகிரி. வலையும் அங்கேதான் அதிகம் வீசப்பட்டது. மலைகள் உண்மையிலேயே வளமானவை, அதில் ஐயமில்லை. ஆனால் மலைக்கும் சமவெளிக்கும் இடையே ஏட்டில் தெரியும் இடைவெளி முழுவதும் இயற்கையின் செயல் என்று சொல்ல முடியாது. அதில் ஒரு பகுதி விடுமுறைப் பயணங்களின் செயல். நாம் இன்னும் கையில் வைத்திருக்கும் 1957ஆம் ஆண்டுக் கையேட்டின் ஆசிரியர் விண்டர்-பிளைத், சவுராஷ்டிரத்தின் ராஜ்கோட்டில் கல்லூரி முதல்வராக இருந்தவர். அத்தகையோர் சிலர் வறள்நிலத்தில் வாழ்ந்ததால்தான் அந்நிலங்களைப் பற்றி இவ்வளவாவது தெரிகிறது.

இன்றைய கைபேசித் தரவு இந்தச் சாய்வைக் குறைத்திருக்கிறதா? ஓரளவு குறைத்திருக்கிறது. பல்லாயிரம் ஆர்வலர்கள் ஊதியமின்றித் தரும் படங்கள் இத்துறையின் பெருஞ்செல்வம். அவர்களைக் குறைசொல்லும் நோக்கம் எனக்கில்லை. அவர்கள் விரும்பிய இடத்துக்குப் போகிறார்கள், கண்டதைப் பதிகிறார்கள். அதை ஒழுங்கான மாதிரியெடுப்புப் போலக் கையாள்வது ஆய்வாளர்களாகிய நம் பிழை. ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவகத்தில் உள்ள பதிவுகளில் பாதிக்கு மேல் பறவைகளுடையவை. அதைப் பார்த்து உலக உயிரினங்களில் பாதி பறவைகள் என்று எவரும் முடிவு செய்வதில்லை. பறவை பார்ப்பவர்கள் ஏராளம் என்றே முடிவு செய்கிறோம். அந்த நிதானம் வண்ணத்துப்பூச்சி வரைபடத்தைக் கண்டதும் எங்கே போய்விடுகிறது? புள்ளி இல்லாத கட்டத்துக்கு வெளிர்மஞ்சள் பூசி "வளம் குறைவு" என்று எழுதுகிறோம். "தேடப்படவில்லை" என்று எழுதக் கை வருவதில்லை.

எண்ணப்படும் 'இனம்' என்ற அலகும் நாம் நினைக்கும் அளவுக்குக் கெட்டியானதில்லை. கோஸ்டாரிகாவின் குவானாகாஸ்டே காட்டில் டேனியல் ஜான்சென், வினிஃபிரட் ஹால்வாக்ஸ் ஆகியோரும் உள்ளூரில் பயிற்சி பெற்ற பணியாளர்களும் பல்லாண்டுகளாகப் புழுக்களைச் சேகரித்து வளர்த்துவந்தார்கள். எந்தப் புழு எந்தச் செடியில் கிடைத்தது, எப்படி இருந்தது, என்ன பூச்சியாக வெளிவந்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு உண்டு. ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட நீலநிறத் தாவுபூச்சி ஒன்று பத்து இனங்களின் தொகுதி என்று 2004இல் வெளியான ஆய்வு அறிவித்தது. மரபணுக் குறியீட்டோடு, புழுவின் தோற்றமும் உணவுச்செடியும் சேர்ந்துதான் அம்முடிவுக்குத் துணை நின்றன. எண்ணிக்கை பத்துதானா, குறைவா என்று பின்னர் விவாதம் எழுந்தது, எழவும் வேண்டும். நான் சுட்டுவது இதைத்தான்: சிறகை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று, புழுவை வளர்த்தவர்களுக்குப் பல. இந்திய வண்ணத்துப்பூச்சிகளில் கணிசமானவற்றின் புழுப்பருவம் இன்னும் சரியாக விவரிக்கப்படவில்லை. இந்நிலையில் 'இங்கே 80, அங்கே 330' என்று தராசில் வைப்பவர்கள் எடைக்கல்லையே சோதிக்கவில்லை.

மூன்றாவதாக, இனப்பட்டியல் மறைப்பது எதை என்று பார்ப்போம். பட்டியலில் ஓர் இனம் இருக்கும் அல்லது இருக்காது. ஆயிரம் பூச்சிகள் பறந்த இடத்தில் பத்து பறந்தாலும் பட்டியல் மாறாது. நெதர்லாந்தின் நூற்றாண்டுக்கு மேற்பட்ட தரவை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, 1890க்குப் பிறகு அங்கே வண்ணத்துப்பூச்சிகள் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்துவிட்டதைக் காட்டியது. அமெரிக்காவின் 48 மாநிலங்களில் 76,000 கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2025இல் வெளியான ஆய்வு, 2000 முதல் 2020 வரையிலான இருபதாண்டுகளில் மொத்த எண்ணிக்கை 22 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. ஐந்து பூச்சிகளில் ஒன்றுக்கு மேல் இல்லை. பட்டியலைப் பார்த்திருந்தால் அந்த இழப்பு பெரும்பாலும் கண்ணில் பட்டிராது. இந்தியாவில் இத்தகைய கணக்கைச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? பட்டியல்கள் இருக்கின்றன. ஒரே பாதையில் இருபதாண்டு தொடர்ந்து நடந்த எண்ணிக்கைகள் அரிதினும் அரிது. புதிய இடத்தில் புதிய பட்டியல் போட்டால் கட்டுரை வெளியாகும்; பழைய இடத்தில் பத்தாம் முறை நடந்தால் "புதுமை இல்லை" என்று திரும்பி வரும். இந்த நிலையை உண்டாக்கியவர்கள் வெளியாட்கள் அல்லர், நாமே.

'ஹாட்ஸ்பாட்' என்ற சொல்லைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும், ஏனெனில் வறள்நிலத்தை ஒதுக்குவதற்கு நம் அவைகளில் அதிகம் எடுத்தாளப்படும் சொல் அதுவே. நார்மன் மையர்ஸ் 1988இல் முன்வைத்து, 2000இல் விரிவாக வரையறுக்கப்பட்ட கருத்து அது. ஒரு பகுதி அப்பெயரைப் பெற இரண்டு தகுதிகள் வேண்டும்: வேறெங்கும் இல்லாத கலன்தாவர இனங்கள் குறைந்தது 1,500 இருக்க வேண்டும்; இயல்பான தாவரப் பரப்பில் 70 சதவீதமேனும் ஏற்கெனவே அழிந்திருக்க வேண்டும். இந்த வரையறையில் வண்ணத்துப்பூச்சி எங்கே இருக்கிறது? அழிவையும் தாவரத்தையும் அளக்க எழுந்த கருவி அது. பிரேசிலின் செராடோ என்ற பரந்த புல்வெளிக்காடும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே 'புல்வெளி என்றால் ஹாட்ஸ்பாட் ஆகாது' என்பதும் தவறு. வரையறையைப் படிக்காமல் அச்சொல்லை 'பூச்சி நிறைந்த இடம்' என்ற பொருளில் வழங்கி, அதன் பெயரால் நிதியைப் பங்கிடுகிறோம்.

இனி வறள்நிலத்துக்கு வருவோம். "அங்கே என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

கோலோட்டிஸ் என்ற பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்சிறகின் நுனியில் செம்மஞ்சளோ கருஞ்சிவப்போ தீட்டியதுபோல இருக்கும் சிறு பூச்சிகள். பெரும்பாலான இனங்கள் ஆப்பிரிக்காவில் வாழ்கின்றன. ஒரு சில அரேபியா வழியாக நீண்டு இந்தியாவின் வறள்பகுதிகளில் பறக்கின்றன. 'கிரிம்சன் டிப்' என்பதன் புழு விழுதிச் செடியைத் தின்னும். 'ஸ்மால் சால்மன் அராப்' என்பதன் புழு உகா மரத்திலும் முட்சங்கிலும் வளரும். 'ஜோக்கர்' என்ற இன்னொன்று உண்டு. அதன் புழுவுக்குக் காஞ்சொறிக் குடும்பத்துச் சிறுகொடிகள் வேண்டும். அதுவும் ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் பொதுவானது. தரையோடு படர்ந்த சிறு செடிகளை நம்பி வாழும் 'கிராஸ் ஜுவல்', உலகின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்று. பட்டியலில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரே மதிப்பெண்தான். ஆனால் பரவல் என்ற கேள்வியைக் கேட்பவருக்கு, தக்காணமும் கிழக்கு ஆப்பிரிக்காவும் எவ்வழியே உறவாடின, அந்த வறள்பாதை எப்போது திறந்தது, எப்போது அடைத்தது என்பதற்கான தடயங்கள் இவை. சோலைக்காட்டில் எத்தனை ஆண்டு தேடினாலும் இந்தத் தடயங்கள் கிடைக்கமாட்டா.

எண்ணிக்கை ஒரு நிலத்துக்கு இயற்கை வழங்கிய மதிப்பெண் என்ற எண்ணமே தவறானது; அது அந்நிலத்தின் நெடுவரலாற்றின் விளைவு. ஏறத்தாழ 2,300 இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வு, வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நிலப்பகுதியில் தோன்றின என்கிறது. ஆண்டிஸின் சிவப்பு நிறத்துக்குப் பின்னால் அந்தக் காலமும், உயர்ந்துகொண்டே வந்த மலைகளும், பெருகிய செடிகளும் உள்ளன. 'ஏன் அங்கே அதிகம்' என்பது நல்ல கேள்வி. அதற்கு விடை காணக் குறைவான இடங்களையும் அதே கவனத்தோடு படித்தாக வேண்டும்.

இவ்வளவும் ஏட்டளவில் நின்றிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். இந்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு, நாட்டில் ஏறத்தாழ 5.57 லட்சம் சதுர கிலோமீட்டரைத் 'தரிசு' என்ற தலைப்பின்கீழ் வைக்கிறது. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 17 சதவீதம். இயல்பான புதர்நிலங்களும் மேய்ச்சல்வெளிகளும் அதற்குள் அடங்கும். வறள் திறந்தவெளிச் சூழல்களைத் தனியே வரைந்து 2022இல் வெளியான ஆய்வு, அவை நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு என்றும், அவற்றில் 5 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் உள்ளது என்றும் காட்டியது. தரிசு என்று ஏட்டில் ஏறிய நிலத்தில் மரம் நடலாம், சூரிய மின்தகடு விரிக்கலாம், தொழிற்பேட்டை அமைக்கலாம். எங்கோ காடு அழித்ததற்கு ஈடாக இங்கே குழிதோண்டிக் கிளைரிசிடியா நட்டுக் 'காடு வளர்த்தோம்' என்று கணக்கு எழுதலாம். நிழல் விழுந்தால் தரைச்செடி போகும். தரைச்செடி போனால் அதன் புழுவும் போகும். லார்ஜ் புளூவை அழித்தது சில அங்குலப் புல் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த நிலத்துக்காக யாராவது வழக்காட நினைத்தால், "இங்கே என்ன உள்ளது என்று ஆய்வு இருக்கிறதா?" என்பதே முதற்கேள்வியாக வரும். ஆய்வு இல்லை, ஏனெனில் நாம் அனுமதிக்கவில்லை. அனுமதிக்காததற்குக் காரணம் அங்கே ஒன்றுமில்லை என்று நம்பியது. ஒன்றுமில்லை என்று நம்பியதற்குக் காரணம் ஆய்வு இல்லாதது. இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றி வருவதற்குப் பெயர் முன்னுரிமை வகுத்தல் என்றால், அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை.

எதிர்வாதங்கள் மூன்றை நான் அறிவேன்.

"பணம் குறைவு, வளமான இடத்துக்குத்தானே முதலில் செலவிட வேண்டும்?" பணம் குறைவு என்பது உண்மை. முன்னுரிமை தேவை என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு வேகமாக இழக்கிறோம், எவ்வளவு குறைவாகப் பாதுகாத்திருக்கிறோம், எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்ற மூன்றையும் சேர்க்காத முன்னுரிமை அரைக்கணக்கு. இம்மூன்றிலும் வறள்புல்வெளிக்கு அருகில் நிற்கக்கூடிய சூழல்கள் நாட்டில் மிகச் சில.

"வறள்நிலப் பூச்சிகள் பரந்து வாழ்பவை, ஓரிடவாழ்விகள் அல்ல, ஆகவே ஆபத்தில்லை." ஓரிடவாழ்விகளின் முக்கியத்துவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பரந்து வாழ்வது ஆயுள் காப்பீடு ஆகாது. நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் சரிந்தவற்றுள் பரவலாகக் காணப்பட்ட இனங்களும் உண்டு. மேலும், பரந்து வாழ்வது என்றால் என்ன என்பதையே நாம் இன்னும் முழுதாக அறியவில்லை. 'பெயின்டட் லேடி' உலகில் மிகப் பரவலான வண்ணத்துப்பூச்சி. ஏறத்தாழ எல்லா நாட்டுப் பட்டியலிலும் ஒற்றை வரியாக இருக்கும். 2013இல் பிரெஞ்சு கயானாக் கடற்கரையில் அது கண்டெடுக்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 4,200 கிலோமீட்டருக்கு மேல் அட்லாண்டிக்கைக் கடந்து வந்தவை அவை என்று, ஒட்டியிருந்த மகரந்தம் முதலிய சான்றுகளைக் கொண்டு 2024இல்தான் நிறுவினார்கள். 'சாதாரணமானது' என்று ஒதுக்கியிருந்தால் அந்தப் பயணம் தெரியாமலே போயிருக்கும்.

"மாதிரியெடுப்புச் சாய்வைப் புள்ளியியலால் திருத்திவிடலாமே?" திருத்தலாம், திருத்தவும் வேண்டும். 12,000க்கு மேற்பட்ட இனங்களின் பரவலைத் தொகுத்து 2025இல் வெளியான உலகளாவிய ஆய்வு, மலைகளே இப்பூச்சிகளின் பெருங்களஞ்சியம் என்றும், வெப்பமேற்றம் அவற்றை எப்படித் தாக்கும் என்றும் காட்டியது. அது தேவையான பணி. ஆயினும் உலகின் 18,000இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தொகுப்புக்கு வெளியே நிற்கிறது. சிறிது தரவு உள்ள இடத்தில் புள்ளியியல் துணை செய்யும். எவரும் கால் வைக்காத இடத்தில் அது தட்பவெப்பத்தைக் கொண்டு ஊகிக்கும். அங்கே ஆடு மேய்கிறதா, தீ வைக்கப்பட்டதா, கடந்த ஆண்டு மரக்கன்று நடப்பட்டதா என்பதை அது அறியாது.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலாவது, ஆய்வுக் குழுக்களில் அமர்வோருக்கு: "எத்தனை இனம்?" என்ற கேள்வியை முதற்கேள்வியாக வைக்காதீர்கள். இந்த நிலத்தைப் பற்றி என்ன தெரியாமல் இருக்கிறது, தெரிந்தால் எந்த முடிவு மாறும் என்று கேளுங்கள். தங்கர் முதலிய மேய்ச்சல் சமூகங்களின் ஆட்டு மந்தைகள் தக்காணப் புல்வெளிப் பூச்சிகளுக்கு எந்த அளவு வரை நன்மை, எந்த அளவுக்குமேல் தீமை என்ற ஒரு கேள்வி போதும்; நான்கு முனைவர் பட்டங்களுக்கு இடமிருக்கிறது.

இரண்டாவது, எண்ணிக்கை வெளியிடும் எல்லோருக்கும்: உழைப்பின் அளவு இல்லாமல் எண்ணை மட்டும் அச்சிடாதீர்கள். எத்தனை நாள், எந்த மாதங்கள், எவ்வளவு தொலைவு என்பவை எண்ணோடு சேர்ந்தே வரட்டும். மழை முடிந்தபின் உயிர்பெறும் நிலத்தைக் கோடையில் பார்த்துவிட்டு 'வறியது' என்று எழுதும் கட்டுரையை நடுவர்கள் திருப்பி அனுப்பட்டும். தேடப்படாத கட்டங்களுக்குச் சாம்பல் நிறம் பூசுங்கள்.

மூன்றாவது, மாணவ நண்பர்களுக்கு: பத்து இடங்களில் ஒவ்வொரு நாள் நடப்பதைவிட ஓரிடத்தில் பல பருவங்கள் நடங்கள். பூச்சி இல்லாத நாளையும் பதியுங்கள். முட்டையிடும் செடியைத் தேடுங்கள்; புழுவை வளருங்கள்; வனத்துறை அனுமதி தேவைப்படும் இனங்களுக்கு அதைப் பெற்றே செய்யுங்கள். உங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் வேலியோரத்திலேயே இதைத் தொடங்கலாம்.

நான்காவது, இதழாசிரியர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும்: ஒரு புழுவின் உணவுச்செடியைப் பதியும் இரண்டு பக்கக் குறிப்பை ஆய்வு வெளியீடாக மதியுங்கள். குவானாகாஸ்டேயில் ஓரினத்தைப் பலவாகப் பிரித்துக் காட்டிய தரவு அத்தகைய குறிப்புகளின் குவியல்தான்.

கடைசியாக, தரிசுநிலப் பட்டியலைப் பற்றி. உங்கள் மாவட்டத்தில் எந்தெந்தப் புல்வெளி அப்பட்டியலில் உள்ளது, அங்கே அடுத்து என்ன வரப்போகிறது என்று விசாரித்து வையுங்கள். மரக்கன்றுக்கான குழி தோண்டப்படுவதற்கு முன் ஒரு மழைக்காலமாவது அங்கே நடந்து எண்ணி வைத்தால், எழுந்து நின்று பேச ஏதேனும் கையில் இருக்கும்.

மாற்றுக் கருத்துடையவர்கள் தாராளமாக மறுக்கலாம். எந்த நிலத்தில், எந்த மாதத்தில், எத்தனை நாள் நடந்து கண்டது என்பதையும் சேர்த்து எழுதினால், விவாதம் எல்லோருக்கும் பயன்படும்.